திருவையாறு ஆராதனை: சனி, ஞாயிறில் போய்வருகிறவர்களுக்கு

முதலில் நாளைப் பிடியுங்கள்

தியாகராஜ ஆராதனை தேதியைப் பார்த்து நடப்பதில்லை. திதியைப் பார்த்து நடப்பது. 1847-இல் தியாகராஜர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்தின் புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி. நம் கணக்கில் அது மார்கழிக் கடைசியிலும் வரும், தை நடுவிலும் வரும். 2023-இல் ஜனவரி 11, புதன். 2024-இல் ஜனவரி 30, செவ்வாய். 2025-இல் ஜனவரி 18, சனி. ஆகவே போன வருஷத் தேதியை வைத்து உத்தேசமாக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். புது வருஷக் காலண்டர் கைக்கு வந்ததும் ஜனவரித் தாள்களைப் புரட்டுங்கள். தியாகராஜர் ஆராதனை என்று பெரும்பாலும் அச்சிட்டே இருக்கும்.

விழா வழக்கமாக ஐந்து நாள். சில வருஷம் ஒரு நாள் கூடும். பஞ்சமியன்று நிறைவு. இதில் வாரக் கடைசிக்காரர்களுக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது: பஞ்சமி வெள்ளிக்கிழமையில் விழுந்தால்தான் ஐந்து நாளும் திங்கள் முதல் வெள்ளிக்குள் அடங்கிப்போகும். வேறு எந்தக் கிழமையில் வந்தாலும் ஒரு சனியோ ஞாயிறோ விழாவுக்குள் வந்தே தீரும். பெரும்பாலும் இரண்டுமே வரும்.

பஞ்சமியன்று லீவு கிடைக்கவில்லை என்று பயணத்தையே கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அது உதவாது. ஆனால் என் கட்சி வேறு. இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், பஞ்சமியைத் தவறவிட்டு இடையில் வரும் சனி, ஞாயிறில் போகிற ரசிகனுக்குத்தான் லாபம். பஞ்சமியன்று எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்னம் என்ற ஐந்து கீர்த்தனைகளைப் பாடுவதை வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாகவே ஒலிபரப்பிவிடுகின்றன. மற்ற நாட்களில் காலையிலிருந்து இரவு வரை பந்தலில் நடப்பதைத்தான் நேரில் போனால் ஒழியக் கேட்க முடியாது.

ரயில், பஸ், பொங்கல்

பெரிய இடைஞ்சல் பொங்கல். விழா பல வருஷங்களில் பொங்கலை ஒட்டியோ அதன் மேலேயோ வந்து விழுகிறது. 2025-இல் தொடக்க நாளே தைப் பொங்கல். ஊருக்குப் போகிற கூட்டத்தோடு நீங்களும் சேர்ந்து நிற்க வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. அந்த நாளைக் கணக்கிட்டு, காலை எட்டு மணிக்குத் தயாராக உட்காருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் அது திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். போகும்போது எப்படியாவது போய்விடலாம். வரும்போதுதான் ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டுத் தலை சுற்றும்.

திருவையாற்றுக்கு ரயில் நிலையம் கிடையாது. எல்லோரும் இறங்குவது தஞ்சாவூரில். சென்னையிலிருந்து இரவு கிளம்பினால் உழவன் எக்ஸ்பிரஸ், பகலில் சோழன். கோவையிலிருந்து மயிலாடுதுறை ஜன சதாப்தி காலையில் கிளம்பும். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியில் இறங்கி ஒன்றரை மணி நேரம் சாலையில் வர வேண்டும்.

தஞ்சாவூருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். அரியலூருக்குப் பாருங்கள். சென்னை–திருச்சி கார்டு லைனில் ஓடும் ரயில்கள் பல அங்கே நிற்கின்றன. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாற்றுக்குள்தான் வரும். முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வழி அவ்வளவாகத் தெரியாததால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

தஞ்சாவூர் வழியே போகிறவர்கள் ரயிலடியில் டாக்சியோடு பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டோவில் பழைய பேருந்து நிலையத்துக்குப் போனால் திருவையாற்றுக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை. ஊர் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்காருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, கண்டியூர் தாண்டிக் குடமுருட்டி, கடைசியாகக் காவிரி என்று ஐந்து பாலங்களை பஸ் கடக்கும். காவிரிப் பாலம் வந்ததும் இறங்கத் தயாராகலாம். விழா நடக்கும் தியாகராஜர் சமாதி இருப்பது ஆற்றின் வடகரையில். சொந்தக் காரில் வருகிறவர்களைப் போலீஸ் பஞ்சமியன்று தூரத்திலேயே நிறுத்திவிடும். நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் அன்று கார் உபயோகப்படாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குத் தஞ்சாவூர்தான். திருவையாற்றில் அறைகள் கொஞ்சம். இருப்பவை கலைஞர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போய்விடும். நான்கைந்து பேராகப் போகிறவர்கள் உள்ளூர் ஆள் மூலமாக அக்கிரகாரத்தில் ஒரு வீட்டின் மாடியை இரண்டு நாளுக்குப் பேசிக்கொள்வது உண்டு. அப்படி அமைந்தால் விட்டுவிடாதீர்கள். இரவுக் கச்சேரியைக் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து பாதியில் விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்

பனிக்கு ஒரு சால்வை. விடியற்காலையில் ஆற்றங்கரைக் காற்று எலும்பைத் துளைக்கும். பத்து மணிக்குமேல் அதே சால்வையை மடித்துக் கீழே போட்டு உட்காரலாம். தரையில்தான் உட்கார வேண்டும் என்பதால் முதுகு வலிக்காரர்கள் சின்ன மடிப்பு ஸ்டூல் ஒன்றைக் கொண்டுபோய்ப் பந்தல் ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் போட்டால் பின்னால் இருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். செருப்புக்கு ஒரு துணிப்பை. இதை அலட்சியப்படுத்தினால் வெறுங்காலோடு பஸ் ஏற நேரும். கொசுவுக்குத் தைலம், தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. நோட்டு எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

பந்தலுக்குள்

நுழைவுச் சீட்டு கிடையாது. கட்டணம் கிடையாது. பாடுகிறவர்களுக்கும் சன்மானம் கிடையாது. சின்னவரோ பெரியவரோ, அஞ்சலி செலுத்தத்தான் வருகிறார்கள். விழாவை நடத்துவது ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபா. அடுத்தடுத்து இரண்டு மேடைகள் போட்டிருப்பார்கள். ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றதில் அடுத்த கோஷ்டி உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். ஒருவருக்குப் பத்து நிமிடம். நன்றாகத் தெரிந்த பெயர் என்றால் இருபது. ஆலாபனை என்று கோடி காட்டுவதோடு சரி. ஒரு கீர்த்தனை, மிஞ்சினால் இரண்டு. இறங்கி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

டிசம்பர் சீசன் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இது முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். என்ன இது, ராகம் களைகட்டுவதற்குள் இறக்கிவிடுகிறார்களே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தியாகராஜரின் கீர்த்தனைகளாக நமக்குக் கிடைத்திருப்பவை எழுநூறு அளவில். சபாக் கச்சேரிகளில் திரும்பத் திரும்பக் காதில் விழுவது அதில் ஒரு சிறு பங்குதான். இங்கேயோ தியாகராஜரைத் தவிர வேறெதுவும் பாடுவதில்லை; ஒரே நாளில் எத்தனையோ பேர் மேடையேறுகிறார்கள். எல்லோரும் தோடியையும் கல்யாணியையுமே எடுத்தால் எப்படி? பேர் தெரியாத ஊரிலிருந்து வந்திருக்கும் இளம் பெண் ஒருத்தி, தன் குரு வழியாக மட்டும் வந்த அபூர்வ கிருதி ஒன்றைப் பத்து நிமிடத்தில் பாடிவிட்டு இறங்கிப் போய்விடுவாள். அதற்குத்தான் நோட்டு. பாடியவர் பெயர், கீர்த்தனையின் முதல் வார்த்தை, ராகம் தெரிந்தால் ராகம். தெரியாவிட்டால் பக்கத்தில் கேளுங்கள்.

இந்த ஊருக்கு வருகிற ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதே இப்படித்தான். முன்வரிசையில் ஒரு மாமி தொடையில் தாளம் போட்டபடி, விரலை மடக்கி மடக்கி ஸ்வரம் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வரிசை தள்ளி ஒரு ரிடையர்டு ஆசாமி எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஜயமனோகரியா?" என்பார். "இல்லை மாமா, அவரோகணத்தைக் கவனிங்கோ" என்று பதில் வரும். நடுவில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன் போனில் தேடிப் பார்த்து மூன்றாவதாக ஒரு ராகத்தைச் சொல்வான். காபிக்கு எழுந்து போகும்போது மூன்று பேரும் சேர்ந்தே போவார்கள். நீங்களும் தயங்காமல் வாயைத் திறக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள், அவ்வளவுதான்.

வாக்குவாதம் பிடிக்கும் என்றால் அதற்கும் பஞ்சமில்லை. தியாகராஜர் பாட்டு மட்டும்தான் என்ற கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1946-இல் தண்டபாணி தேசிகர் இங்கே ஒரு தமிழ்ப் பாட்டைப் பாட, அதனால் சந்நிதியின் புனிதம் கெட்டது என்று சில வித்வான்கள் மறுப்புக் காட்ட, தமிழிசை இயக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். இன்றைக்கும் டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். நான் தேசிகர் பக்கம்.

பஞ்சமியன்று போகிறீர்கள் என்றால்

அப்படியானால் முந்தின நாளே ஊர் வந்து சேர்ந்துவிடுங்கள். அன்று காலை திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பிச் சமாதிக்கு வரும். அதோடு நடந்து வருவது ஒரு பெரிய அனுபவம். பந்தலுக்குள் நல்ல இடம் பிடிப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முதல் முறை போகிறவர்கள் இடத்தைப் பிடியுங்கள். ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது. எட்டரைக்கு எள் போட்டால் எள் விழாது.

நாகஸ்வரம் முடிந்து, ஒன்பது மணியளவில் புல்லாங்குழல் கலைஞர்கள் சேர்ந்து 'சேதுலாரா' வாசிப்பார்கள். அது முடிந்ததும் பஞ்சரத்னம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசை மாறாது. எல்லாம் ஆதி தாளம். முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. சந்நிதிக்கு முன்னால் வித்வான்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம். அவர்கள் பாடப் பாட உள்ளே மூர்த்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும். ஐந்தும் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

முன்வரிசைகள் வித்வான்களுக்கு. அங்கே போய் உட்கார முயன்று தொண்டர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பின்னால் எங்கே உட்கார்ந்தும் கூடப் பாடலாம், யாரும் தடுப்பதில்லை. பாடத்தான் வந்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடு போனால்தான் அந்த ஒரு மணி நேரம் பலிக்கும். வெறுமனே கேட்பதற்கு என்றால், சொல்லப்போனால், இதைவிட நல்ல பஞ்சரத்னம் இசைத்தட்டில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான குரல் சேரும்போது கமகம் எல்லாம் கரைந்துபோய்விடும். சிலர் முந்துவார்கள், சிலர் பிந்துவார்கள், மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிற குரல்தான் ஓங்கி ஒலிக்கும். கூட்டத்துக்குள் இருந்து பாடுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியாது.

ஆகவே புறப்படுவதற்கு முன்பு ஒன்றையாவது பாடம் பண்ணுங்கள். பாட்டு வகுப்பே போகாதவர்கள் ஸ்ரீராகத்தில் தொடங்கலாம்; அதிகமாகக் காதில் விழுந்த பாட்டு அதுதான். ஆரபியில் ஒரு பள்ளம் இருக்கிறது: ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பாமல் 'சமயானிகி' என்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பல்லவியை எடுத்துவிட்டு அக்கம்பக்கத்துப் பார்வையைச் சம்பாதிப்பார்கள். வராளியைக் குரு நேரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஆகாமல் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உங்கள் ஆசிரியர் மழுப்பினால் வற்புறுத்தாதீர்கள். நல்ல ஒலிப்பதிவு ஒன்றை வைத்துக் கேட்டே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

புத்தகம் வாங்கும்போது தமிழ் எழுத்தில் அச்சானதாக இருந்தால், எழுத்துக்கு மேலோ கீழோ 2, 3, 4 என்று எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத புத்தகத்தை வைத்துப் பாடினால் 'க' என்ற எழுத்தின் நான்கு ஒலிகளும் ஒன்றாகிவிடும். ஐந்தையும் பெரிய எழுத்தில் ஒரே தாள்கட்டாகப் பிரதி எடுத்துக்கொள்வது இன்னும் வசதி. கூட்டத்தில் பக்கம் புரட்டக் கை இருக்காது. ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாடுவதால் மேல் ஸ்தாயி பலருக்கு எட்டாது. எட்டாத இடத்தில் தாளம் மட்டும் போடுங்கள்.

மேடையில் பாட ஆசையுள்ள மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: விழாவுக்குச் சில மாதம் முன்பே சபாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஜனவரியில் போய்க் கேட்டால் நடக்காது.

கச்சேரிக்கு நடுவே

சமாதிக்கு எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதி இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியை 1920-களில் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டடமாக எழுப்பியவர் அவர். அந்தக் காலத்தில் ஆராதனையை நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டிலுமே பெண்கள் பாட இடமில்லை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகி, பெண்களும் பாடலாம் என்று ஆயிற்று. 1952-இல் அவர் காலமானார். பந்தலில் பாதிக்குமேல் பெண் குரல் கேட்கும் இன்றைய ஆராதனைக்கு அவருக்குத்தான் முதல் நமஸ்காரம் போக வேண்டும்.

மதிய வெயிலில் ஒரு நடை ஐயாறப்பர் கோயிலுக்குப் போய் வாருங்கள். தெற்குப் பிரகாரத்தில் ஓர் இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். சுருதிப் பெட்டியோடு அலைகிற பையன்கள் அங்கே நின்று ஆளுக்கொரு சங்கதி போட்டுப் பார்ப்பதைக் காணலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்கு முன் விழா வந்தால் புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீர் இருக்கும், குளிக்கலாம். கடைசிப் படிக்குக் கீழே போக வேண்டாம். அதற்குப் பின் வந்தால் மணல்தான்.

சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி வரை காத்திருக்காதீர்கள். பன்னிரண்டுக்கே ஓட்டல்களில் கூட்டம் சேர்ந்துவிடும். திருவையாறு வந்துவிட்டு அசோகா சாப்பிடாமல் திரும்பக் கூடாது. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய். ஆண்டவர் அல்வாக் கடையில் சூடாக வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் மிச்சமிருந்தால் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஓட வேண்டாம். அதற்கு இன்னொரு பயணம் வைத்துக்கொள்ளலாம். வீணை செய்கிற தச்சர்களின் பட்டறைகள் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன. பலா மரக் குடம் குடைவதிலிருந்து மெழுகில் மெட்டுப் பதிப்பது வரை நின்று பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. ஞாயிறன்று சில பட்டறைகள் மூடியிருக்கும்.

திரும்பும் டிக்கெட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பஞ்சமியன்று இரவு சுவாமி புறப்பாடும் அதன்பின் ஆஞ்சநேய உற்சவமும் உண்டு. விழா அதோடுதான் நிறைவு. இரவு ரயிலுக்கு எடுத்தவர்கள் ஏழு, எட்டு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பார்கள். அரை நாள் லீவு கூடுதலாகப் போட முடியுமானால், மறுநாள் காலை வண்டிக்கு டிக்கெட் எடுங்கள்.